பல்லில்லாப் பசு

மார்ச் 6

அக்காவின் படத்தைப் பெரியப்பா அடுப்பில் போட்டார். பக்கத்து வீட்டு ரெபெக்காவின் அண்ணன் தலைநகர் ஜூபாவிலிருந்து கொண்டுவந்த பத்திரிகை. அட்டையில் நிபோல் அக்கா. மஞ்சள் உடை, ஒட்ட மழித்த தலை. வழவழப்பான தாள் சீக்கிரம் எரியவில்லை. முகத்தைக் குச்சியால் குத்திக் குத்தி எரித்தார்.

"வெள்ளைக்காரனுக்கு விலா எலும்பைக் காட்டிப் பிழைக்கிறா. ஓடிப்போனவளுக்குப் படம் ஒரு கேடா?"

அம்மா சோளக்களி கிண்டுவதை நிறுத்தவே இல்லை.

கொசுவலைக்குள் போர்வையை மூடிக்கொண்டு எழுதுகிறேன். கைபேசி வெளிச்சம் வெளியே தெரியுமோ?

மார்ச் 9

பயத்தை எழுதிவிட்டால் குறையுமா, பார்ப்போம்.

அப்பா இறந்த பிறகு பெரியப்பா மலுவால் சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். அக்காவைக் கமாண்டர் அஜாங்குக்குப் பேசிப் பரிசமாக மாடுகளை வாங்கிக்கொண்டார். மாடுகள் வந்த வாரமே அக்கா நைரோபிக்கு லாரி ஏறிவிட்டாள். மாடுகளைத் திருப்ப வழியில்லை. சித்தப்பாக்களும் மாமாக்களும் பங்கு பிரித்துவிட்டார்கள். பெரியப்பா மகன் தன் பங்கை ஓட்டிப்போய்க் கல்யாணமே முடித்துவிட்டான். பசுக்கள் கன்றும் போட்டாயிற்று. ஆகவே, அக்கா வராவிட்டால் அவள் இடத்துக்கு நான்.

அஜாங்குக்கு இரண்டு மனைவிகள். நான் எட்டாம் வகுப்பு.

மார்ச் 21

நான் வளர்ந்துவிட்டேனா என்று பார்க்கப் பெரியப்பா கதவு நிலையில் என்னை நிறுத்திக் கரியால் கோடு போட்டார். போன கோட்டைத் தாண்டவில்லை. காலே, வளராதே.

ஏப்ரல் 18

குழாயடியில் ரெபெக்கா, "வாடி கரிச்சட்டி தங்கச்சி! உங்கக்காவை இருட்டுல நிறுத்தினா பல்லு மட்டும்தான் தெரியுமாமே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் வெளுக்கும் களிம்பு பூசிப் பூசிப் பழுத்த பப்பாளி மாதிரி ஆகிவிட்டது, விரல் கணுக்கள் மட்டும் பழைய கறுப்பில். சொல்லியிருக்கலாம். குடத்தை நிரப்பினேன்.

நைரோபியில் ஒரு மாடல் கம்பெனிக்காரன் இதே பல் கதையைச் சொல்லித்தான் அக்காவைத் துரத்தினானாம். இப்போது அவனே தினமும் கூப்பிடுகிறானாம்.

குடத்தோடு திரும்பிப் பார்த்தேன். ரெபெக்கா இடுப்பை நிமிர்த்தி, ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைத்து, அக்கா மாதிரியே நடந்துகொண்டிருந்தாள். வெறுப்பாக வந்தது.

ஜூன் 3

அஜாங்கின் ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். நடக்கச் சொன்னார்கள். நடந்தேன்.

"மலுவால், ஒட்டகச்சிவிங்கியைக் காட்டிட்டு ஆட்டுக்குட்டியைத் தள்ளிவிடுறியே."

"ஆட்டுக்குட்டி ஓடாதுப்பா. பெரியவ ஓடுனா, பாத்தீங்கல்ல?"

வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மழை ஓய்ந்ததும் நாள் குறிப்பதாகப் பேச்சு. தேர்வு அதற்குப் பிறகுதான். தேர்வு எனக்கு இல்லை என்று அர்த்தம்.

ஜூன் 4

தூக்கமில்லை.

ஜூன் 15

ஆற்றங்கரை நாணல் மறைவில் நின்று கைபேசியில் அக்காவைக் கூப்பிட்டேன். மிலானில் இருந்தாளாம். பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ ஓடின, நான் மாட்டிக்கிட்டேன். ஊரெல்லாம் உன் மூஞ்சி, இங்க அடி எனக்கு. ஒரு நாளாச்சும் நினைச்சியாடி என்னை?"

அக்கா, "என்னைத்தான் திட்டுவாங்கன்னு நினைச்சேன் அதியூ. உன்னைப் பிடிப்பாங்கன்னு தோணல" என்றாள்.

தோணவில்லையாம்! அவ்வளவு உயரத்திலிருந்து நான் எங்கே தெரிவேன்?

அந்தக் கோபத்தில், ராத்திரிகளில் எனக்குள்ளேயே கட்டிவைத்திருந்த வசைப்பாட்டைப் பாடிவிட்டேன். ஆம்பளைங்க பாடினால் கேட்பார்கள். நான் பாடினால் பல் உடையும். அதனால் இதுவரை யாருக்கும் பாடியதில்லை.

*பல்லில்லாப் பசுவுக்கு எண்ணெய் தேய்த்து ஓட்டிவந்தான் அஜாங்,*
*வாயைத் திறந்து பார்த்தும் வாயை மூடிக்கொண்டான் மலுவால்,*
*பால்பல் விழாத பெண்ணை எந்த முளையில் கட்டுவீர்கள்?*

அந்தப் பசு கதை நிஜம். மாடுகள் வந்த அன்று சாயங்காலம் பெரியப்பா அதன் வாயைத் திறந்து பார்த்தார். பல்லே இல்லை, கிழடு. கமாண்டரிடம் கேட்கத் தைரியமும் இல்லை. அம்மாவும் நானும் மட்டும் பார்த்தோம்.

"இன்னொரு தடவை பாடு" என்றாள் அக்கா. பாடினேன். கைபேசியை வைத்துவிட்டாள். ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. போ, நீயும் போ.

செப்டம்பர் 28

கைபேசியில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். பாரிஸில் பெரிய உடை அலங்காரக் காட்சி. அக்காதான் முதலில் நடந்து வருகிறாள். மேளம் இல்லை, எதுவும் இல்லை, அவள் குரல் மட்டும். என் பாட்டு! பெயர்களோடு! இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பணக்காரர்களுக்கு ஒரு சொல் புரியவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டட்டும்.

இங்கே எங்கள் ஊரில் எல்லாருக்கும் புரிந்தது.

அக்டோபர் 2

குழாயடியில் பாடுகிறார்கள். மீன் சந்தையில் பாடுகிறார்கள். மாட்டுப்பட்டிக்கும் போய்விட்டதாம். ரெபெக்கா என்னைப் பார்த்ததும் இன்னும் உரக்கப் பாடினாள். முதல்முறையாக அவளை வெறுக்க முடியவில்லை.

அக்டோபர் 11

அஜாங்கின் ஆட்கள் வந்தார்கள். உட்காரவே இல்லை.

"இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா கல்யாணத்தன்னிக்கே இந்தப் பாட்டைப் பாடித்தான் ஆடுவானுங்க. கமாண்டர் பல்லைக் கடிச்சிட்டிருக்காரு. மாட்டைக் கன்னோட ஓட்டிட்டு வா."

வாசலில் யாரோ, "பல்லில்லாததையுமா?" என்றார்கள். யாரென்று பெரியப்பா தேடவில்லை. தடியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அந்தப் பசு வாயை இந்த வீட்டுல மூணு பேர்தான் பாத்தோம். அவளுக்கு எவ சொன்னது?"

நான் அம்மாவின் பின்னால் போனேன். அம்மா களி கிண்டும் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சொன்னேன். அடிங்க. சத்தம் கேட்டு வர்றவங்க பாடிக்கிட்டேதான் வருவாங்க."

தடி கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது. பிறகு மாட்டுப்பட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

டிசம்பர் 3

நாளை முதல் தேர்வு. கணக்கு. சீருடையை அம்மா துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

பெரியப்பா இன்னும் எங்களோடு பேசுவதில்லை. பங்கு வாங்கிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று மாடு கேட்கிறார். நிற்கட்டும்.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியாது. மூன்று வரி முடிந்ததும் நிறுத்துவாள் என்று நின்றேன். நிறுத்தவில்லை. நான் கட்டாத நாலாவது வரி ஒன்று இருந்தது. பெரியப்பாவைப் பற்றி. அதை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.