இரண்டு பரப்பு, கொஞ்சம் குறைய

தர்மபுரம்
09.02.2025

அன்பு மகள் யதுர்ஷிகா அறிவது,

விடுதியில் போனைப் பறித்து வைத்ததும் நல்லதுக்குத்தான். எனக்குக் கடிதம் எழுத ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. அப்பா அறுவடையில் நிற்கிறார், சுகத்துக்குக் குறைவில்லை.

மார்ச்சில் சாதாரண தரக் கணிதப் பரீட்சையை மூன்றாவது முறையாக எழுதப்போகிறேன். இரண்டு முறை W வாங்கித் தவறியவள் என்று சிரிக்காதே. பதினொரு வருடமாக முன்பள்ளியில் படிப்பிப்பது நான், கணிதத்தில் சித்தியடையாததால் பதிவில் வெறும் உதவியாளர். இந்த முறையும் தவறினால் வேறு ஆளைப் போடுவார்களாம். நான் செய்த மாதிரித்தாளை இத்துடன் அனுப்புகிறேன். நீ உயர்தரத்தில் கணிதம் படிப்பவள், இரக்கம் பார்க்காமல் திருத்து.

அம்மா

வவுனியா
17.02.2025

என் அன்பான அம்மாவுக்கு,

இரக்கம் பார்க்கவில்லை. நூறுக்கு இருபத்தெட்டு.

நீளம் 25 மீற்றர், அகலம் 20 மீற்றர், பரப்பளவு என்ன என்று கேட்டால், "இரண்டு பரப்பு, கொஞ்சம் குறைய" என்று எழுதியிருக்கிறீர்கள். அது காணி அளக்கிற பரப்பு அம்மா. பரீட்சைக்கு 500 சதுர மீற்றர். பக்கத்துக் கட்டில் கிருசாந்தி கணக்குப் பார்த்துவிட்டு, "ஒரு பரப்பு 253 சதுர மீற்றர், உன்ர அம்மா சொன்னது சரியடி" என்று விழுந்து சிரித்தாள். சரிதான், ஆனால் புள்ளி கிடைக்காது.

எனக்குக் கோபம் வந்தது இன்னொன்றில். x இன் விடை சரி, வந்த வழியைக் காணவில்லை. மனதுக்குள் செய்தால் திருத்துபவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரியையும் எழுதுங்கோ.

அன்பு மகள்
யது

தர்மபுரம்
27.03.2025

அன்பு யதுவுக்கு,

எழுதிவிட்டேன். மண்டப வாசலில் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "பெற்றோர் வெளியில நில்லுங்கோ" என்றார். அனுமதி அட்டையை நீட்டினேன்.

நீளம் அகலத்தைவிட 5 மீற்றர் கூட, பரப்பளவு 84 சதுர மீற்றர், அகலம் காண்க. விடை 7 என்று மனம் உடனே சொல்லிவிட்டது. வாயை மூடு என்று அதை அதட்டிவிட்டு, சமன்பாடு அமைத்து, காரணிப்படுத்தி, வரி வரியாக இறங்கினேன். 7 அல்லது -12, அதாவது மறை 12 வந்தது. அகலம் மறையாகாது என்று எழுதி அதை வெட்டினேன். வளவுக்குள் வந்த மாட்டைத் துரத்திய மாதிரி இருந்தது. கேத்திரகணிதத்தில் இரண்டு முக்கோணிகளை ஒருங்கிசைய வைக்க அரை மணி நேரம் போனது. பொதுப்பக்கம் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது, கடைசியில்தான் கண்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது பிள்ளை.

அம்மா

தர்மபுரம்
15.07.2025

என் செல்ல யதுவுக்கு,

வெறும் சித்தி, S கிடைத்தால் போதும் என்றிருந்தேன். C தந்திருக்கிறார்கள்.

அப்பா, "பாசோ?" என்று கேட்டார். "பாசுக்கு மேல" என்றேன். நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்துதான் சோறு கேட்டார். நான் நன்றாக அழுதேன், மறைக்கவில்லை.

இன்று கல்வி அலுவலகத்துக்குப் போய் ஆசிரியர் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். எப்போதும் நிமிராமல் கதைக்கும் அந்த அலுவலர் பெறுபேற்றைப் பார்த்தார், கதிரையைக் காட்டினார். "ரீச்சர், இதில கையெழுத்து வையுங்கோ" என்றார்.

எனக்கு நன்றாகக் கேட்டது. இருந்தும், "என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

அவர் இன்னொரு தரம் சொன்னார். அதன் பிறகுதான் பேனையை எடுத்தேன்.

அன்புடன்
அம்மா