கூரைக் கண்ணாடியில் இனிச் சத்தம் இல்லை

கோபக்காரிக்கு,

கார் சாவி இந்தச் சீட்டின் மேல் இருக்கிறது. இன்று நீயே எடுத்துக்கொள், நான் வேலைக்கு பஸ்ஸில் போகிறேன்.

காரின் கூரைக் கண்ணாடியில் (சன்ரூஃப்) வந்த கிறீச் சத்தம் நின்றுவிட்டது. "கார்ல ஒண்ணுமில்ல, உன் காதுலதான் கோளாறு" என்று உன் தங்கை எதிரில் உன்னைச் சொன்னேனே, கோளாறு என்னிடம்தான். உனக்குத் தெரியாமல் அந்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் சமையல் எண்ணெய் தடவியிருந்தேன். அதில் மண் ஒட்டி, சத்தம் இன்னும் கூடிவிட்டதாம். நேற்று காரைக் கொண்டுபோய்க் காட்டியதும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், காரைப் பொரிச்சா சாப்பிடப் போறீங்க?" ரப்பரை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசினார். அவ்வப்போது இப்படிச் செய்தால் திரும்ப வராதாம்.

திரும்பும்போது மேடுபள்ளமான ரோடாகப் பார்த்து ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. முன்பெல்லாம் கிறீச் என்றதும் என் கையைப் பிடித்து, "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்பாய். நேற்று பக்கத்து சீட் காலி. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இன்னும் எத்தனை நாள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாய்? என்னால் முடியவில்லை.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்.

மீதி கிரீஸ் டாஷ்போர்டு பெட்டியில்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சாயங்காலம் உன் ஆபீஸ் வாசலில் நிற்பேன், என்னையும் ஏற்றிக்கொள். ஏதாவது பேசு. சத்தம் இன்னும் வருதுன்னு பொய்யாவது சொல்லு. இந்தத் தடவை நம்பிடறேன்.