ஒரே ஒரு குடை

ஜனவரி 9

என் அருமைக் கேப்டனுக்கு,

மாமா எழுதுவது. நீ பயிற்றுநர் தேர்வில் தேறிவிட்டதை உன் அம்மா போனில் சொன்னாள். சொன்னாள் என்றா எழுதினேன்? அழுதாள். என் அக்காவுக்குச் சந்தோஷம் வந்தாலும் கண்ணீர், வெங்காயம் நறுக்கினாலும் கண்ணீர். எது எதற்கென்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

நாலைந்து பள்ளிகளுக்கு வேலை கேட்டு எழுதியிருக்கிறாயாமே! சொந்த மாமன் விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தும்போது நீ எதற்கு அடுத்தவன் வாசலில் போய் நிற்க வேண்டும்? பெரிய விமான நிறுவனங்கள் நாளைக்கு உன்னிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய்? அந்த மணிகளை அள்ளிக் கொடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. என் விமானங்கள் விடிந்தால் ஏறும், பொழுது சாய்ந்தால்தான் இறங்கும். மற்ற பள்ளிகளில் விமானத்தைவிட விமானத்தின் மேல் இருக்கும் தூசிக்குத்தான் வயது அதிகம்.

போனில் பேசினால் நீயும் நானும் சண்டை போட்டுக்கொள்வோம், அதனால்தான் கடிதம். நீ சின்னவளாக இருந்தபோது "வெளியே ஒண்ணுமே தெரியல மாமா" என்று அழுதாயே, அடியில் தலையணை போட்டு உட்காரவைத்துப் பறந்தேனே, அந்தத் தலையணை இன்னும் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. மாமியை அதைத் துவைக்கக்கூட விடமாட்டேன் என்கிறேன். வந்து சேர்.

உன் மாமா


ஜனவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா மறுபடியும் அழுதாள். பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

வருகிறேன் மாமா. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சொந்தம் என்பதற்காகச் சலுகை கிடையாது. மற்ற பள்ளிகளில் கேட்ட கேள்விகளையே உங்களிடமும் கேட்பேன். விமானங்களைப் பார்க்க வேண்டும், மெக்கானிக்கிடம் பேச வேண்டும், மாணவர்களோடு நீங்கள் இல்லாத நேரத்தில் உட்கார வேண்டும். முதல் வேலையில் எப்படிப் பழகுகிறேனோ அப்படித்தான் கடைசிவரை இருப்பேன், என் சுபாவம் எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை பயம்.

கடைசியாக எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன். "இங்கே 'இன்னைக்குப் பறக்க முடியாது'ன்னு கடைசியாச் சொன்னது யாரு? அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?" ஒரு இடத்தில் உரிமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் ஒரு பெண் பயிற்றுநர் கையைத் தூக்கினாள், "நான்தான், நேத்து. அதுக்கப்புறம் போய் நல்லாத் தூங்கினேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஒரு சின்னப் பள்ளி. கூரை ஒழுகுகிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

உங்கள் கேப்டன்


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாளும் தாங்கு தாங்கென்று தாங்கினீர்கள். மாமி கேன்டீனையும் பார்த்துக்கொண்டு என்னையும் பார்த்துக்கொண்டார்கள். நான் சாப்பிட்டதை உங்கள் மாணவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்றால் பாருங்களேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விமானங்கள் நான் பார்த்ததிலேயே நல்லவை. உங்கள் மெக்கானிக் ஒரு திருகாணி சரியில்லை என்று ஒரு விமானத்தை அப்படியே நிறுத்திவிட்டார். வாய் திறக்காமல் அந்த நாளின் அட்டவணையை மாற்றினீர்கள். "பேசாம இங்கேயே சேர்ந்துடலாம்" என்று அப்போது மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பிறகுதான் கேன்டீனில் அந்தக் குடையைப் பார்த்தேன்.

குழந்தைகள் பிடிக்கும் ரோஜா நிறக் குடை, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தது. கதவுக்கு எதிரே ஆணியில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. என் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் நீங்கள் அதைத்தான் காட்டினீர்கள். மற்றவர்கள் பறக்கும்போது "வானம் சரியில்லை" என்று மறுக்கும் பயிற்றுநர், மதியம் அதை விரித்துப் பிடித்துக்கொண்டேதான் சாப்பிட வேண்டும். அவருக்கு அன்றைக்கு 'மழைராஜா' என்று பட்டம். எல்லோரும் கைதட்டுவார்கள். "அதை விரிக்கறதே அபூர்வம் கேப்டன், எங்க ஆளுங்க அப்படி!" என்று பெருமையாகச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் காலையில் உங்கள் பயிற்றுநர் ஒட்டகம் (அவருக்கு அந்தப் பெயர் வைத்தது யார்? கழுத்தைப் பார்த்தா, பொறுமையைப் பார்த்தா?) தன் மாணவனோடு வாசலில் நின்று மேகத்தைப் பார்த்தார். மலைப்பக்கம் வெள்ளையாக இறங்கியிருந்தது. திரும்பிக் கதவு வழியாகக் குடையைப் பார்த்தார். பிறகு விமானத்தை நோக்கி நடந்தார். ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகத் திரும்பி வந்தார். ஆனால் மாமா, அவர் எதைப் பார்த்து முடிவு செய்தார் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவருடைய மாணவனும் பார்த்தான்.

மெக்கானிக் "இந்த விமானம் வேண்டாம்" என்றால் அவர் கையில் யாரும் குடையைக் கொடுப்பதில்லை. பயிற்றுநர் "இந்த வானம் வேண்டாம்" என்றால் மட்டும் ஏன்?

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்தக் குடையைக் கழற்றிவிடுங்கள். அடுத்த பஸ்ஸிலேயே பெட்டியோடு வந்து இறங்குகிறேன்.

உங்கள் கேப்டன்


பிப்ரவரி 14

கேப்டனுக்கு,

உன் தீர்ப்பு கிடைத்தது.

உன்னை வேலைக்குக் கூப்பிட்டேன் என்று நினைத்தேன். நீ என்னைத் தேர்வு எழுத உட்காரவைத்திருக்கிறாய் என்று இப்போதுதான் புரிகிறது. பரவாயில்லை, மாமன் மக்கு, மதிப்பெண் குறைவாகத்தான் வாங்குவான்.

அது விளையாட்டு. நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் சிரித்துக்கொள்ளக் கூடாதா? இதுவரை யாரும் என்னிடம் வந்து "இது எனக்கு அவமானமா இருக்கு சார்" என்று சொன்னதில்லை. ஒட்டகம் சொன்னானா? அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், எல்லோர் முன்னாலும் வைத்துத்தான் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், ஜாலிதான்" என்றான். போதுமா?

இந்த ஓடுபாதையை நான் போட்டபோது இங்கே முள்ளும் கல்லும்தான் இருந்தன. ஒரு மாணவனுக்குக்கூட இன்னும் பாடம் எடுக்காத பெண் வந்து என் சுவரில் எது தொங்கலாம், எது தொங்கக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை. உன் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். நீ அந்த ஒழுகும் கூரைக்கே போ. அங்கே உனக்கு நிஜமாகவே குடை தேவைப்படும்.

மாமி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

மாமா


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

இதற்கு முன் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது. தீராவிட்டாலும் படியுங்கள்.

ஒழுகும் கூரைக்கேதான் வந்திருக்கிறேன். நீங்கள் சொன்னது சரிதான், மணி சேரவே மாட்டேன் என்கிறது. வாரத்தில் பாதி நாள் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கிறேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள். சில நாள் அழுகையாக வருகிறது. உங்களிடம் சேர்ந்திருக்கலாமே என்று நினைக்காத நாளில்லை. இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

என் முதல் மாணவி நேற்றுத் தனியாகப் பறந்து இறங்கினாள். நான் கீழே நின்றுகொண்டு இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். நான் முதல்முறை தனியாகப் போனபோது நீங்களும் இப்படித்தான் மிதித்தீர்களாமே, மாமி சொன்னார்கள். உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ஒட்டகத்தைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கேப்டன்


ஆகஸ்ட் 11

என் கண்ணே கேப்டன்,

செய்தி உனக்கு வந்திருக்கும். ஒட்டகம் போய்விட்டான். விமானம் மலைச்சரிவில் மரங்களில் மோதிவிட்டது. கூட இருந்த மாணவன் பிழைத்துக்கொண்டான், ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ஒட்டகத்தின் அம்மா வந்திருந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டுட்டுப் போனானா?" என்று மட்டும் கேட்டாள்.

முந்தின நாள் அவன் மேகம் இறங்கியிருக்கிறது என்று பறக்க மறுத்தான். கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்துவிட்டது, மற்றவர்கள் எல்லோரும் போய் வந்தார்கள். மதியம் அவன் குடை பிடித்தான். வழக்கம்போல எல்லோரும் கைதட்டினோம். மறுநாளும் அதே மாதிரி மேகம். நான் அவனிடம் போ என்று சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, நம்பு.

விசாரணை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். நீ வந்து இரண்டு நாள் இருந்ததை மாணவர்கள் சொல்லிவிட்டார்கள். உன்னைத் தேடியும் வருவார்கள். விமானங்களைப் பற்றிச் சொல், மெக்கானிக்கைப் பற்றிச் சொல், எல்லாம் உள்ளதை உள்ளபடி சொல். குடையைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதே. அதை எரித்துவிட்டேன். இல்லாத பொருளைப் பற்றிப் பேசி யாருக்கு என்ன லாபம்? போன உயிர் வருமா? பள்ளியை மூடினால் எத்தனை பேர் வேலை போகும் என்று யோசி.

உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதை மாமனாகக் கேட்கிறேன்.

உன் மாமா


ஆகஸ்ட் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அவர்களும் வந்தார்கள். கேட்டார்கள். சொல்லிவிட்டேன்.

விமானங்கள் நன்றாக இருந்தன என்று சொன்னேன். மெக்கானிக் தங்கமான மனிதர் என்று சொன்னேன். பிறகு குடையைப் பற்றிச் சொன்னேன். நிறம், எங்கே தொங்கியது, யார் யார் சிரித்தார்கள், எல்லாம். நானும் சிரித்தேன் என்பதையும் சொன்னேன்.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நம்புகிறேன் மாமா. நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல்தானே அது அங்கே தொங்கியது.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் கிளம்பிய அன்று ஒட்டகம் என் பெட்டியை பஸ்வரை தூக்கி வந்தார். "நீங்க இங்க சேர்ந்துடுங்க மேடம். ரெண்டு பேரா முடியாதுன்னு சொன்னா அவங்களால என்ன பண்ண முடியும்? குடை ஒண்ணுதானே இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பார்க்கலாம்" என்று நானும் சிரித்தேன். உங்கள் கடிதம் வந்ததும் ரோஷத்தில் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். என் ரோஷம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் அங்கே தனியாகத்தான் இருந்தார்.

நீங்கள் கேட்டு நான் மறுத்தது இதுதான் முதல் தடவை. எனக்கு உங்கள்மேல் இருக்கும் பிரியத்தில் குறைவில்லை. அவர்களிடம் நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் மாமா. நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன். கூப்பிடுங்கள்.

உங்கள் கேப்டன்


செப்டம்பர் 2

மதிப்பிற்குரிய பயிற்றுநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

விசாரணை அதிகாரிகள் சென்ற வாரம் மீண்டும் வந்தார்கள். குடை எங்கே என்று கேட்டார்கள். எரித்துவிட்டதாகச் சொன்னேன். என் மனைவி உள்ளே போய் அதை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். நான் பரணில் வைத்திருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

அதிகாரிகளில் இளையவர், ஒட்டகத்தின் வயதுதான் இருக்கும், "அவர் இதை எப்படிப் பிடிச்சிருந்தார், கொஞ்சம் காட்டுங்க சார்" என்றார். காட்டினேன். கேன்டீன் நடுவில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மெக்கானிக் இருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "போதும் சார், இறக்கிடுங்க" என்று அவர் சொல்லும்வரை நின்றேன். தாங்கள் பக்கத்தில் நிற்க வருவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் குடைக்குள் இரண்டு பேருக்கு இடமில்லை.

தங்கள் தாயாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். தாங்கள் இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

ஸ்டோர் ரூமில் தங்களுடைய தலையணை ஒன்று இருந்தது. துவைத்து, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பள்ளி உரிமையாளர்