நெட்டைக்குத் தெரிந்த ஒரே வாக்கியம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் ஒரு பெரியவர், அட்டையின் மேல் வரியே தெரியவில்லை என்றார். ஆனால் என் சட்டையில் பொத்தான் அறுந்திருப்பதைச் சொன்னவரே அவர்தான்! கண்ணாடிக் கடையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் இது எனக்கு அத்துப்படி. கண் தெரியாதவர் முன்னால் சாய்வார்; படிக்கத் தெரியாதவர் பின்னால் சாய்வார். பேசாமல் மூன்று கால் அட்டையை மாட்டினேன். முழுக்க ஒரே எழுத்து, உடைந்த சீப்பு மாதிரி. கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். மனுஷன் கடகடவென்று காட்டிவிட்டார்.

மத்தியானம் வக்கீலம்மா போன். "மனசத் தேத்திக்கம்மா. தண்டனை முடிஞ்சதும் உங்க வீட்டுக்காரரை அவரோட நாட்டுக்கே அனுப்பிடுவாங்களாம்."

நெட்டைக்கு ஏது இன்னொரு நாடு? மூன்று வயதில் அவன் அம்மா இடுப்பில் உட்கார்ந்து இங்கே வந்தவன். கல்யாணம் ஆன நாளிலிருந்து, குடியுரிமைக்கு எழுதிப் போடு என்று கரடியாகக் கத்தினேன். நாளைக்கு, நாளைக்கு. இப்ப பாரு!

மார்ச் 9, ஞாயிறு

சிறையில் பார்த்தேன். நடுவில் தடித்த கண்ணாடி, ஆளுக்கொரு போன்.

"அங்க என்ன பாஷை பேசுவாங்கன்னாவது தெரியுமா?"

"பாஷை பேரு தெரியும்."

அழ வேண்டிய இடத்தில் சிரித்துத் தொலைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் கேலி செய்யக் கூடாதென்று அவன் அம்மா வீட்டிலும் இந்த ஊர்ப் பேச்சையே பேசினாளாம். அவனுக்குப் பத்து வயதாகும்போது அவளும் இறந்துவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். "குளிப்பாட்டும்போது சொல்லுவா. அர்த்தம் தெரியாது." சொல்லிக் காட்டினான். என்னவாக இருக்கும்? 'ஆடாம நில்லுடா சனியனே'?

மார்ச் 11, செவ்வாய்

அம்மா: "நீ எதுக்குடி மூட்டை கட்டணும்? குடிச்சிட்டு வண்டி ஓட்டுனது அவன். விட்டது சனின்னு இரு."

போகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? சொல்லவே இல்லையே. சும்மா ஒரு யோசனை — அங்கே மழை பெய்யுமா? கண்ணாடிக் கடை இருக்குமா?

மார்ச் 15, சனி

எனக்கு முடி வெட்டும் பார்லர்க்காரி அந்த நாட்டுக்காரி! எத்தனையோ வருடமாக அவளிடம் தலையைக் கொடுக்கிறேன், எந்த ஊர் என்று கேட்டதில்லை. "இப்பதான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கெஞ்சிக் கூத்தாடி, நெட்டையின் வாக்கியத்தைச் சொன்னேன். கத்தரி நின்றது.

"கண்ணை மூடு. அவ்வளவுதான். சோப்பு போடும்போது எங்கம்மாவும் இதான் சொல்லுவாங்க."

நான் பார்த்தே இராத மாமியார், ஈரக் கையோடு பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். "தலையில முடி இருக்குற வரைக்கும் வா" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முடி காதுக்கு மேலே ஏறிவிட்டது. எழுத்து எல்லாம் வந்துவிட்டது. என் உச்சரிப்பைக் கேட்டால்தான் பார்லர்க்காரி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

நெட்டையிடம் அர்த்தத்தைச் சொன்னேன். வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். நீயும் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளேன் என்றதற்கு மட்டும் சீறினான். "கத்துக்கிட்டா போறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. நான் போகவே மாட்டேன்."

ஏப்ரல் 22, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்தில் அவர். நெட்டையின் வண்டியில் அடிபட்ட பெயின்டர். கைத்தடியோடு நின்றார். பேருந்துப் படியில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. இந்த மனுஷன் இனி எப்படி ஏணியில் ஏறுவார்?

அவனை அனுப்புவது அநியாயம் என்று காலையில்கூடச் சத்தம் போட்டேன். அவரைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அனுப்பாதே என்றும் மனசு கேட்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மே 2, வெள்ளி

விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மே 3, சனி

அங்கிருந்து போன். "ஒரு பேர்ப்பலகையும் புரியலடீ. கழிப்பறைக் கதவுல ஆம்பளை படம் போட்டிருந்தாங்க, தப்பிச்சேன்."

பேசினான், பேசினான். வருவியா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டா என்னவாம்? வாயில முத்தா உதிர்ந்துடும்?

ஜூன் 1, ஞாயிறு

கேட்காமலேயே பெட்டியை எடுத்துவிட்டேன். அம்மா துணி மடித்துத் தந்தாள், உர்ரென்று. "புடிக்கலேன்னா அடுத்த விமானத்துலயே திரும்பி வா. உன்னை யாரும் துரத்தலை."

ஆமாம். எனக்குத் திரும்பி வர ஒரு ஊர் இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

இங்கே கிடங்கு வேலைக்குக் கண் பரிசோதனை கட்டாயமாம். நெட்டையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். பரிசோதிப்பவர் அட்டையைக் காட்டினார். நெட்டை மெல்லப் பின்னால் சாய்ந்தான். அடப்பாவி, அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா!

"பார்வை ரொம்ப மோசம்" என்று உதட்டைப் பிதுக்கிய பரிசோதகர், ஒரு கண்ணை மூடச் சொன்னார்.

நெட்டை இரண்டையும் மூடிக்கொண்டான். இறுக்கி, மூக்கைச் சுருக்கி, சோப்புக்குப் பயந்த பிள்ளை மாதிரி. ஆறடி ஆள்.

பரிசோதகர் என்னைப் பார்த்தார். "இவர் இந்த நாட்டுக்காரர்தானே?"

"ஆமாம்" என்றேன், அவர்கள் மொழியில். "நடுவில் கொஞ்ச நாள் வெளியூர் போயிருந்தார். கண் நன்றாகத் தெரியும், எழுத்துதான் தெரியாது." மூன்று கால் அட்டைக்கு இங்கே என்ன பெயரோ! மூன்று விரலை நீட்டி, மேலும் கீழும் திருப்பிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அலமாரியைத் திறந்து தேடினார்.

"தொறக்கலாமா?" என்றான் நெட்டை, கண்ணைத் திறக்காமலேயே.

"இரு. வேற அட்டை மாட்டுறாங்க."