நீ பீலியில் வழுக்கவில்லை

அம்மியில் பாதி அரைத்த மஞ்சள் காய்ந்துபோய்க் கிடக்கிறது. மல்லிகாவுக்கு மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தேன். கதவைத் திறந்ததும் மஞ்சளும் உப்பும் நல்லெண்ணெயும் கலந்த அந்த வாசம் முகத்தில் அடித்தது. அடிபட்ட வீக்கத்துக்குப் போடுகிற பத்து. உன் முதுகில் நான் எத்தனை முறை பூசியிருப்பேன்! துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை உன் மகள் மல்லிகா பண்டாரவளையிலிருந்து வந்து இறங்கினாள். ஆறு மாத வயிறு. கீழுதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. நெளிந்து நெளிந்து நடந்து வந்தாள். "என்னடி இது?" என்று கேட்டேன். "கொழாயடியில வழுக்கி விழுந்துட்டேம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வந்ததே கோபம்! அவள் மேல் இல்லை. அவளைக் கட்டியவன் மேல்கூட முதலில் இல்லை. உன் மேல்தான் வந்தது. செத்து இருபது வருடமான ஒருத்தி மேல் இத்தனை கோபம் வருமா என்று கேட்காதே, வந்தது. அந்தப் பொய்யை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய அறைகளில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நாம் இருந்தோம். அந்தச் சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். நான் முதல் பிள்ளையைச் சுமந்தபோது உன் புத்திமதி எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள், ஆனால் அதற்குள் இரண்டு பிள்ளைகளைச் சுமந்து இரண்டையும் மண்ணில் போட்டிருந்தாய். "வாந்தி வந்தா வெறும் தேயிலைச் சாயத்தண்ணி குடிக்காத புள்ள, அரிசிய வறுத்துக் கஞ்சி வச்சுக் குடி." "ஒருக்களிச்சுப் படு." "கொழுந்துக் கூட நெறையிற வரைக்கும் நிக்காத, பாதியிலயே போயி நிறுத்துக் கொட்டிரு. கங்காணி கத்துனா கத்தட்டும்." "மூணாம் மாசமே ஒரு கோழிக்குஞ்சு வாங்கி விடு. புள்ள பொறக்கிறப்ப கறிக்கு ஆகும்." இன்றைக்கு நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு, அதற்கு என்ன கொடுப்பது, இதற்கு என்ன கொடுப்பது என்று என்னைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்வதில் முக்கால்வாசி நீ சொன்னதுதான்.

மீதிக் கால்வாசியை நான் யாருக்கும் சொன்னதில்லை. கஞ்சிக்குச் சொன்ன அதே குரலில், உப்புப் போடச் சொல்வது மாதிரி, நீ எனக்குச் சொன்னாய்: "அவரு கைய ஓங்குனா முதுகக் காட்டிக் குந்திரு. முழங்கால நெஞ்சோட சேத்துக்க. வயிறு செவுத்துப் பக்கம் இருக்கணும். முதுகு தாங்கும், புள்ள தாங்காது. ஆஸ்பத்திரியில கேட்டா பீலியில வழுக்கிட்டேன்னு சொல்லு."

மலைத் தண்ணீர் வந்து விழுகிற நம் பீலிக்கரையில் பாசி உண்டுதான். ஆனால் நம் தோட்டத்தில் பீலியில் வழுக்கிய பெண்களை எல்லாம் எண்ணினால், அங்கே ஒருத்தியாவது ஒழுங்காக ஒரு குடம் தண்ணீர் பிடித்திருக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த பொய். சொல்கிறவளும் கேட்கிறவரும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதற்காக வைத்திருந்த பொய்.

"எங்க வீட்டு ஆளு அப்புடி இல்லக்கா" என்றேன். நீ சிரித்தாய். உன் மேல்பல் ஒன்று இல்லாமல் போயிருந்ததை அன்றுதான் கவனித்தேன். "அப்புடி இல்லாட்டி நல்லதுதானே. தெரிஞ்சு வச்சுக்க" என்றாய். ஐந்தாம் மாதத்தில் குழம்பு உறைக்கிறது என்று என் வீட்டுக்காரர் கிண்ணத்தை என் முகத்தில் எறிந்துவிட்டு எழுந்து வந்தார். நீ சொன்ன மாதிரியே குந்தினேன். முதுகு தாங்கியது. மகன் நல்லபடியாகப் பிறந்தான். உன் புத்திமதி பலித்தது, அதுதான் கொடுமை. அவர் கையால் மட்டும் அடிப்பார், கட்டை எடுக்கமாட்டார் என்பதால் லயத்தில் அவருக்கு நல்ல மனுசன் என்று பெயர்.

உன்னைக் கட்டியவன் கட்டையும் எடுப்பான். நீ எப்போதும் 'அவரு' என்பாய். என்னால் முடியாது, அவன் என்றுதான் எழுதுவேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி உரமேறிய கை அவனுக்கு. உன் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனது அவன் மிதித்து. இரண்டாவது பிறந்து மூன்று மாதத்தில் வயிற்றோட்டத்தில் போனது, அதற்கும் நீதான் காரணம் என்று வார்பட்டையால் அடித்தான். பட்டை உன் மேல் விழும் சத்தமும், அவன் மூச்சு வாங்கும் சத்தமும் சுவருக்கு மேலே கேட்கும். உன் சத்தம் மட்டும் கேட்காது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நான் தட்டை எடுத்துச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தேன். மறுநாள் மலையில் என் பக்கம் வந்து, "தட்டாத புள்ள. யாருக்கோ கேட்டுருச்சுன்னு இன்னும் ரெண்டு வச்சாரு" என்றாய். அதற்குப் பிறகு தட்டவில்லை. அந்த லயத்தில் யாருமே தட்டவில்லை.

என் மகனுக்கு மூன்று மாதம் ஆனபோது உனக்கு மல்லிகா பிறந்தாள். ஒன்பது மாதமும் முதுகைக் காட்டியே காப்பாற்றிவிட்டாய். முதுகு முழுக்கக் கன்றிப்போயிருந்தது, பிள்ளை மேல் ஒரு கீறல் இல்லை. மருத்துவச்சி அவளைத் தூக்கிக் காட்டியபோது நீ அழுதாயே, அந்த மாதிரி சந்தோஷமாக ஒருத்தி அழுது நான் பார்த்ததில்லை.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீ வளர்த்த சிவப்புக் கோழியை அன்றுதான் அடித்து, பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்து போட்டுச் சமைக்க இருந்தோம். நான் உன் வாசலில் மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வந்து, கோழியைத் தங்களுக்குப் பொரித்துக் கொடு என்றான். "இது பச்ச ஒடம்புக்கு வச்சிருக்கிறதுங்க. நாளைக்கு வேற ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றாய். "பொட்டப்புள்ளயப் பெத்தவளுக்குக் கோழி கேக்குதா?" என்றான். பிள்ளை பாயில் கிடந்தது. அவன் கால் பிள்ளை பக்கம் திரும்பியதும் நீ எழுந்து அவனுக்கும் பாய்க்கும் நடுவில் நின்றாய்.

முதுகைக் காட்டவில்லை நீ! எனக்குச் சொல்லிக் கொடுத்தவள், ஒன்பது மாதம் ஒருநாள் தவறாமல் குந்தியவள், நேருக்கு நேராக நின்றாய். பிள்ளைதான் வெளியே வந்துவிட்டதே, இனி வயிற்றை மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாயா? வயிறு உன்னுடையதும்தான் என்று ஒரு நாளாவது உனக்குத் தோன்றியதா? அவன் உதைத்தான். இடது விலாவுக்குக் கீழே. நீ மடிந்து விழுந்த பிறகும் இன்னொன்று. கூட்டாளிகள் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உலக்கை என் கையில் இருந்தது. இதை இருபது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை நீ வெளுத்துப்போயிருந்தாய். இடது தோள் வலிக்கிறது என்றாய். உதைத்தது விலாவில், வலி தோளில் என்பதால் நாம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, "என்னம்மா, அடிபட்டுச்சா?" என்று கேட்டார். "பீலியில வழுக்கிட்டேங்க" என்றாய். உதிரம் போகிறதா என்றார். போகிறது என்றாய், பிள்ளை பெற்றவளுக்குப் போகும்தானே. மாத்திரை கொடுத்தார். மத்தியானம் மயங்கி விழுந்தாய். கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் ஒரு கையில் மல்லிகா, மறு கையை நீ பிடித்திருந்தாய். உன் விரல் சில்லென்று இருந்தது. "சொல்லிராத புள்ள. பொலிஸ்ல ரெண்டு நாளு வச்சிருந்துட்டு விட்டுருவாங்க. வந்து என்னையும் புள்ளையையும் கொன்னு போட்டுருவாரு."

அங்கே டொக்டர் நல்ல மனிதர். உன்னைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, நர்ஸை வைத்துத் தமிழில் கேட்டார். "வயித்துல ஏதாவது அடிபட்டுச்சா? சரியா சொல்லுங்க." சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்ட ஒரே மனிதர். நான், "இல்லைங்க. பீலியில வழுக்கிட்டா" என்றேன். பிரசவத்து உதிரப் பெருக்கு என்று நினைத்து அதற்கு வைத்தியம் செய்தார்கள். சாயங்காலம் உன் வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்து, நர்ஸின் கையைப் பிடித்து இழுத்து உண்மையைக் கத்தினேன். ஓடினார்கள். உன்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே மண்ணீரல் கிழிந்து, வயிறு முழுக்க இரத்தம் நின்றதாம். "வந்த உடனே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்த நர்ஸ், என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போய்விட்டாள். மல்லிகா பசித்து அழுதாள். என் மகனுக்கு வைத்திருந்த பாலை அவளுக்குக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொலிஸ் விசாரிக்க வந்தபோது என் வாயில் உண்மை இருந்தது. அதற்கு முந்தின நாளே தோட்டத்துச் சங்கத் தலைவரும் கங்காணியும் வந்து, போனவள் போய்விட்டாள், தோட்டத்துக்கு ஏன் கெட்ட பெயர் என்றார்கள். அவர்கள் போனதும் என் நல்ல மனுசன் முதல் தடவையாகக் கட்டையை எடுத்தார். நான் முதுகைக் காட்டிக் குந்தினேன். அடுத்த நாள் பொலிஸிடம், பீலியில்தான் வழுக்கினாள், ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்றேன். உன்னை இரண்டாம் முறையும் நானே கொன்றேன். உன்னைக் கட்டியவன் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய், இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று கேள்வி. பிள்ளையைக் கேட்டு ஒருநாளும் வரவில்லை. மல்லிகா என்னை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். பெற்றவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டபோதெல்லாம், பீலியில் வழுக்கி என்றே சொன்னேன். அதைக் கேட்டே வளர்ந்தவள் வேறு என்ன பொய் சொல்வாள்?

நேற்று மஞ்சளை அரைத்துக்கொண்டிருந்தபோது, "தோள்பட்டை வேற வலிக்குதும்மா" என்றாள். என் கை நின்றது. அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோழி, உதை, லொறி, டொக்டர், பொலிஸ், ஒன்றையும் விடவில்லை. அவள் அழவில்லை. மூடாத ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீங்களும் சேந்துதான் கொன்னிருக்கீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன். "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கிளம்பும் முன் அவளைக் கட்டியவன் வந்துவிட்டான். அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்திருக்கிறான். வாசல்படி ஏறியதும் அவள் கூந்தலைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். இந்த முறை நான் நிற்கவில்லை. அம்மிக் குழவியைத் தூக்கி அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. எனக்கு அது இனித்தது, உன்னிடம் என்ன மறைப்பு? அவன் கூரை அதிரக் கத்தினான். இன்னொரு முறை ஓங்கியபோது மல்லிகாதான் என் கையைப் பிடித்தாள். "விடுங்க, பஸ்சு போயிரும்" என்றாள்.

பதுளையில் ஒரு பெண் டொக்டர். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. மல்லிகா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "என் புருசன் ஒதச்சாரு. வயித்துல ரெண்டு தடவ. எழுதிக்கங்க" என்றாள். பத்து நிமிடத்தில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே இரத்தம் கசிந்திருந்தது, நேரத்தோடு கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். பிள்ளையின் துடிப்பு நன்றாகக் கேட்கிறதாம். பொலிஸ்காரர் வந்தபோது குழவியைப் பற்றி நானே சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கண் விழித்ததும் மல்லிகா நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அவங்கள வெளிய இருக்கச் சொல்லுங்க." அவங்க! பால் கொடுத்து, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கட்டிக் கொடுத்தவள் அவங்க ஆகிவிட்டேன். வலித்தது, வலிக்காமல் இருக்குமா? வெளியே மரப்பலகை வாங்கில் உட்கார்ந்து விடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வரும் நேரமாகிவிட்டது. வறுத்த அரிசிக் கஞ்சி போத்தலில் இருக்கிறது. என் கையால் வாங்கமாட்டாள், நர்ஸிடம் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருப்பேன். இனி அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. நீ என்னைத் திட்டக்கூட இல்லாமல் போய்விட்டாய். இவள் திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறாள், அது எனக்குப் போதும்.