கூடுதலாக ஒரு ‘ப்’

நாள் 206. காலை 08:10

ஏடகம் நூலகக் கலம். செவ்வாயைச் சுற்றும் பாதையில் மாற்றமில்லை. பெட்டக அறைக் குளிர் சரியாக இருக்கிறது. காற்று வடிகட்டி நேற்று மாற்றியது. தட்டெடுக்கும் இயந்திரக் கையின் மூன்றாவது மூட்டு முனகுகிறது, எண்ணெய் விட்டேன்.

அடுத்துப் பொறுப்பேற்க வருகிறவருக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் இசக்கியம்மாள். கீழே தென்மேடு குடியிருப்பில் பதினாறு வருடம் நூலகராக இருந்துவிட்டு வந்தவள். இங்கே நான் ஒருத்திதான். பூமியிலிருந்து வந்த நாற்பது லட்சம் கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன, பதினெட்டு மொழிகளில். தட்டுக்குள் இருப்பதை இயந்திரம் தேடாது. எடுத்து ஒளியில் வைத்தால்தான் படிக்கலாம். ஆகவே இங்கே எல்லாமே பட்டியல்தான். ஒவ்வொரு பதிவிலும் தமிழில் ஒரு பொருள்தலைப்பு உண்டு. அதைச் சரியாக அடித்தால் தட்டு கிடைக்கும், ஓர் எழுத்து பிசகினால் கிடைக்காது.

முன்பு, பிசகினாலும் பக்கத்துச் சொல்லைக் காட்டுகிற வசதி இருந்தது. வந்த முதல் வாரமே நிறுத்திவிட்டேன். ‘கல்வி’ கேட்டால் ‘கலவி’யைக் கொண்டுவந்து நீட்டுகிற சனியன் எனக்கு எதற்கு? எழுத்துப் பிழை என்றால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நாள் 207. காலை 10:30

கல்வித்துறையிலிருந்து செய்தி. அனுப்பியவள் ஆவுடையம்மாள், துறைத் தலைவி. எனக்கு வெறும் ஆவுடை. கல்லூரியில் ஒரே அறை, ஒரே தட்டில் சாப்பாடு. அவள் ஆய்வேட்டை மூன்று முறை திருத்திக் கொடுத்தவள் நான். இந்த வேலைக்கு என் பெயரைச் சொன்னவள் அவள்.

“ஏட்டி இசக்கி, ஒரு அவசர சோலி. பிள்ளைகளுக்குச் செவிமணி மாட்டலாம்னு நம்ம குடியிருப்பு மன்றம் யோசிக்கி. காதுக்குப் பின்னால ஒரு மணி, பாடம் நேரா உள்ள போயிரும். டீச்சர் வேண்டாம். இதுக்கு முன்னால எங்கயாவது செஞ்சு பாத்து, பிள்ளைகளுக்குக் கெடுதல் வந்ததுன்னு ஆராய்ச்சி இருக்கான்னு தேடிச் சொல்லு. உன் கையெழுத்து இருந்தாத்தான் மன்றம் ஒத்துக்கிடும்.”

சட்டம் அப்படித்தான். பிள்ளைகள் மேல் புதிதாக எதையும் செய்வதற்கு முன் ஏடகத்தின் சான்று வேண்டும். தென்மேட்டில் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் முந்நூற்று நாற்பது பேர். அதில் என் தங்கை பேச்சியின் மகள் வடிவும் ஒருத்தி. ஏழு வயது. ஆகவே அரைகுறையாகத் தேட மாட்டேன்.

நாள் 209. மாலை 16:45

இரண்டு நாள் முழுக்கத் தேடினேன். செய்த முறையைக் குறித்து வைக்கிறேன். முதலில் கேள்வியைத் துண்டுதுண்டாகப் பிரித்தேன்: யாருக்கு, எதனால், என்ன விளைவு. ஒவ்வொன்றுக்கும் இணைச்சொற்களை எழுதினேன். கற்பித்தல், பயிற்றுவித்தல், போதனை. கருவி, இயந்திரம், உடலில் வைக்கும் பதியம். ‘காண்க’ என்று பட்டியல் காட்டிய வழியெல்லாம் போனேன், ‘மேலும் காண்க’ என்றதையும் விடவில்லை. ஆசிரியர்கள் குறித்து ஆயிரக்கணக்கில் வந்தது. கருவிகள் குறித்தும் வந்தது. ஆனால் ஆசிரியர் இல்லாமல் உடலில் கருவி பொருத்திக் கற்பித்து, விளைவை அளந்தவை? பூச்சியம்.

அறிக்கையில் எழுதினேன்: ‘தீங்கு பற்றிய சான்று எதுவும் கிடைக்கவில்லை.’ கையெழுத்திட்டு அனுப்பினேன். ஆவுடையிடமிருந்து ஐந்து நிமிடத்தில் பதில்: “நீ நல்லாருப்பட்டி.”

நாள் 211. காலை 09:00

வாராந்தரக் குடும்பச் செய்தி. வடிவின் செய்தி எப்போதும் ஒரு கேள்வியில் முடியும். போன வாரம், “பெரியம்மா, அங்க மேல தும்முனா கலம் நகருமா?” என்று கேட்டாள். கணக்குப் போட்டுப் பதில் அனுப்பினேன். இந்த வாரம்:

“பெரியம்மா, எங்க கனகு டீச்சர் போகப் போறாங்களாம். எல்லா டீச்சரும் போறாங்களாம். நீங்க தேடிப் பாத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்கன்னு அம்மா சொன்னா. பெரியம்மா, நீங்க தேடுனது கிடைக்கலன்னா அது இல்லன்னு அர்த்தமா? இல்ல நீங்க சரியாத் தேடலன்னு அர்த்தமா?”

வாயாடி. சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அது. ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

நாள் 212. காலை 11:20

பட்டியலை விட்டுவிட்டு அலமாரிக்கே போனேன். குளிருடை மாட்டி, 371 என்ற எண் உள்ள வரிசையில், பள்ளிக் கல்விக்கான இடம் அது, கருவிவழிக் கல்வி அடுக்கில் தட்டுகளைக் கையால் எண்ணினேன். தட்டுகள் நாற்பத்தாறு. தலைப்பு வழியாக வரும் பதிவுகள் இருபத்தொன்பது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறுதான்.

பதினேழு தட்டுகள் அலமாரியில் இருக்கின்றன, பட்டியலில் தேடினால் இல்லை.

நாள் 212. பிற்பகல் 13:05

விடுபட்ட முதல் தட்டில் பொறித்திருந்த வரவு எண்ணை அடித்து அதன் பதிவைத் திறந்தேன். பொருள்தலைப்பு இப்படி இருக்கிறது: ‘ஆசிரியரின்றிக் கற்ப்பித்தல்’.

ற்-க்குப் பிறகு ஒரு ப். அட கண்றாவியே! எந்தக் கழுதை உள்ளீடு செய்தது என்று திட்டிக்கொண்டே இரண்டாவதைத் திறந்தேன். ‘கற்ப்பித்தல்’. மூன்றாவது. பதினேழும் அப்படியே. பதினேழும் ஒரே நாளில் திருத்தப்பட்டவை, நாள் 196. ஆவுடை என்னைத் தேடச் சொல்வதற்குப் பதினோரு நாள் முன்பு. திருத்தியவர் என்ற இடத்தில் ‘கல்வித்துறை’ என்று மட்டும் இருக்கிறது.

பெயர் எதற்கு? முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பித்தல். ஆவுடையின் ஆய்வேட்டில் முந்நூறு பக்கத்திலும் இந்த ஒற்றெழுத்தை நீக்கி நீக்கி என் விரல் தேய்ந்திருக்கிறது. ‘ற்-க்குப் பக்கத்தில் இன்னொரு ஒற்று உட்காராதுடி’ என்று இருபது வருடமாக அவளைக் கேலி செய்திருக்கிறேன். அவள் கல்யாணப் பத்திரிகையில்கூட அது இருந்தது, சொல்லிச் சிரித்தோம்.

நாள் 212. மாலை 18:30

ஐந்து தட்டுகளை ஒளியில் வைத்துப் படித்துவிட்டேன். நிலவுக் குடியிருப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு இதே மணியை மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் நூற்றுக்கு நூறு. மூன்றாம் நாளிலிருந்து வீட்டுப் பேச்சு போய், வாயைத் திறந்தால் பாடநூல் பேசுகிறது. ஆறாம் நாளோடு பிள்ளைகள் தாமாகக் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது. பிறகு மணியைக் கழற்றியும் முப்பத்தெட்டுப் பேருக்கு அது திரும்பவில்லை.

என் கையெழுத்து மன்றத்தில் இருக்கிறது. வாக்கெடுப்பு நாள் 215. அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக மன்றத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினேன், பதினேழு எண்களோடு.

நாள் 213. காலை 09:40

மன்றத்திடமிருந்து பதில் இல்லை. ஏடகத்தின் செய்தி எல்லாம் கல்வித்துறை வழியாகத்தான் போகும் என்பது எனக்கு உறைத்தபோது ஆவுடையின் குரல் வந்தது. முழுதாகப் பதிவு செய்கிறேன்.

“இசக்கி, உன் செய்தி என்கிட்டதான் இருக்கு. மேல போகாது. கத்தாம கேளு. பனிச் சுரங்கத்துல ஆளில்ல. பதினோரு டீச்சரையும் அங்க இறக்கலன்னா அடுத்த வருசம் தண்ணி பத்தாது. நான் எதையும் அழிக்கலட்டி. அழிச்சா குத்தம். எல்லாம் அங்கனயேதான் இருக்கு. நீ தேடுன, கிடைக்கலன்னு நீயே எழுதுன. அதுல பொய் என்ன இருக்கு?”

பிறகு:

“உன் கை தப்பா அடிக்காதுன்னு எனக்குத் தெரியும்ல. தூக்கத்துலகூட நீ அந்த ப்-ஐப் போட மாட்ட. வேற யாரும் அங்க இருந்திருந்தா என்னைக்காவது பிசகி அடிச்சு, கண்டுபிடிச்சிருப்பாங்க. அதுக்குத்தான் உன்னைய அனுப்புனேன்.”

நாள் 213. காலை 10:15

பச்சைத் துரோகி. ஒரே தட்டில் சாப்பிட்டவள். காய்ச்சலில் கிடந்தபோது என் மடியில் படுத்தவள். என் தமிழை மெச்சி மெச்சிப் பேசியதெல்லாம் இதற்குத்தானா? இந்த வேலை கிடைத்தபோது நான் அழுதேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவி, பாவி.

நாள் 213. பிற்பகல் 14:00

என் அனுமதி ‘பார்வையாளர்’ என்று மாற்றப்பட்டிருக்கிறது. தலைப்புகளைத் திருத்த முடியாது. பக்கத்துச் சொல்லைக் காட்டுகிற வசதியைத் திரும்பப் போட முடியாது. புதுப் பதிவு ஒன்றைச் சேர்க்க மட்டும் முடிகிறது, அதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மிச்சம் இருப்பது குடும்பச் செய்தி. வாரத்துக்கு ஒன்று, மூன்று நிமிடம். இந்த வாரத்துடையதையும் அடுத்த வாரத்துடையதையும் இப்போதே எடுத்துக்கொண்டு பேச்சிக்கு எல்லாம் சொன்னேன். வடிவுக்கு மணி போட விடாதே, மன்றத்தின் முன்னால் போய் நில், இந்தப் பதினேழு எண்ணையும் சத்தமாகப் படி என்றேன்.

நாள் 214. காலை 09:00

பேச்சியின் பதில்:

“அக்கா, நல்லாச் சாப்பிடுதியா? ஆவுடையக்கா வீட்டுக்கே வந்திருந்தாங்க. ஒத்தையிலயே இருந்து உனக்கு மனசு சரியில்ல, என்னமாவது சொல்லுவா, பயப்படாதீங்கன்னாங்க. சொல்லும்போதே அழுதுட்டாங்கக்கா. உன் மேல அம்புட்டுப் பிரியம். எண்ணெல்லாம் அவங்ககிட்ட கொடுத்தேன், தேடிக் காட்டுனாங்க, ஒண்ணும் வரல. ‘ஆசிரியரின்றிக் கற்பித்தல்’னு அடிச்சுத்தான் காட்டுனாங்க, நானே பாத்தேன். அதோட அக்கா, கெடுதல் இல்லன்னு நீதானே கையெழுத்துப் போட்ட? உன் கையெழுத்தைப் பாத்துத்தான் நான் வடிவு பேரை முதல்ல கொடுத்தேன்.”

முதலில் கொடுத்தாளாம்.

எண்ணைக் கொண்டு தேடு பேச்சி, சொல்லைக் கொண்டு தேடாதே! கத்தினேன். செய்தி நேரம் முடிந்துபோயிருந்தது. நாள் 225 வரை எனக்கு வாயில்லை.

நாள் 215. நண்பகல் 12:00

வாக்கெடுப்பு. பொது ஒலிபரப்பில் கேட்டேன். ஆவுடை என் அறிக்கையை வாசித்தாள். “ஏடகத்தில் இருப்பவர் தமிழில் ஓர் எழுத்துகூடப் பிசகாதவர்” என்று என்னை அறிமுகம் செய்தாள். கைதட்டினார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

அந்த வரியில் மட்டும் அவள் பிழையே விடவில்லை.

நாள் 219

இயந்திரக் கை நின்றுவிட்டது. எண்ணெய் விடவில்லை. மீதித் தட்டுகளை நானே சுமந்துவந்து படிக்கிறேன். குளிரில் இடது விரல் இரண்டு மரத்துப்போயின. பதினேழையும் முடித்துவிட்டேன். எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. கோபம் அவள் மேல்தான். ஆனால் பக்கத்துச் சொல்லைக் காட்டுகிற அந்த வசதியை நிறுத்தியது அவள் இல்லை, நான். பிழையாகக் கேட்கிறவனுக்குப் புத்தகம் கிடைக்கக் கூடாது என்று கொழுப்பெடுத்து நிறுத்தினேன். என் கொழுப்பு எவ்வளவு என்று அவள் அளந்து வைத்திருந்தாள்.

நாள் 225. காலை 09:00

வடிவின் வாராந்தரச் செய்தி வந்தது. அவளுக்கு மணி மாட்டி எட்டு நாள். நாலு முறை கேட்டேன். குரல் அவளுடையதுதான்.

“அன்புள்ள பெரியம்மாவுக்கு வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்த வாரம் நான் பதினோரு பாடங்களைக் கற்றேன். அனைத்திலும் முழு மதிப்பெண் பெற்றேன். கேள்விகள் எதுவும் இல்லை. நன்றி.”

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

நாள் 225. காலை 09:50

மூன்று நிமிடம் இருந்தது. பதிலில், தும்மினால் கலம் நகருமா, வடிவு, நினைவிருக்கிறதா, நீ கேட்டாயே என்றேன். என்னிடம் எதையாவது கேள் கண்ணு, தப்புத்தப்பாகக் கேள், ஒரே ஒரு

நேரம் முடிந்தது.

இந்தக் குறிப்பை இங்கே வைத்தால் அழித்துவிடுவார்கள். ஆகவே புதுப் பதிவாகப் பட்டியலில் சேர்க்கிறேன். அவள் ஒளித்துவைத்த இடத்தை அவள் தொட மாட்டாள். அந்தப் பதினேழுக்குப் பக்கத்தில் இது பதினெட்டாவது. அடுத்து வருகிறவரே, யாராயிருந்தாலும், கை பிசகி நீங்கள் இங்கே வந்திருந்தால் உங்கள் கைக்குக் கோடிப் புண்ணியம். எண்களை மன்றத்துக்குக் கொண்டுபோங்கள். என் பெயரைக் காப்பாற்ற வேண்டாம்.

வாழ்க்கையில் முதல் முறை தெரிந்தே அடிக்கிறேன். விரல் போக மறுக்கிறது.

பொருள்தலைப்பு: கற்ப்பித்தல்.