தம்பி நம்பியதை நான் சொன்ன நாள்

என் அன்புத் தம்பி தயாளா,

நீ போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. லொங்குய் நகரில் எங்கள் வீட்டு முற்றத்துப் பனி முழுவதும் கரைந்து, போன கிழமைதான் முதல்தடவையாகப் புல்லு வெட்டினேன். உன் மனைவி சுகந்தி மறுபடியும் வேலைக்குப் போகிறாள். அந்தக் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப்பிள்ளைகள் அவளைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டார்களாம். உன் மகள் மீரா என்னுடன் இப்போதும் பிரெஞ்சில்தான் கதைக்கிறாள். நான் தமிழில் பதில் சொல்கிறேன். இருவருக்கும் விளங்குகிறது.

இதைச் சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. உன் செத்தவீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். நீ என்னிடம் கேட்டுக்கொண்ட காரியம் அது. சனம் அதைப் பலவிதமாகக் கதைத்துக்கொண்டு திரிகிறது. அதனால் மற்றவர்களும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

நீ டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு மூக்கு நுனியில் கோபம். ஒருநாள் வேலை நெருக்கடியில், உன்னோடு நின்று சமைத்த ஹெயிற்றி நாட்டுக்காரர் ஜோசேப்பை நீ பிடித்துத் தள்ளிவிட்டாய். கொதியெண்ணெய் அவருடைய கையில் கொட்டியது. பொலிஸ் வரும், வேலையும் போகும் என்று நடுங்கிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தாய்.

பொலிஸ் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே முதலாளியிடம் சொன்ன ஜோசேப், தான் உன்னை மன்னித்துவிட்டதாகவும், உன்னை வேலையால் நிறுத்தவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு அவர் வேலைக்குத் திரும்பியபோது உனக்கு முதலில் ‘பொன்ஜூர்’ என்று வணக்கம் சொன்னவரும் அவர்தான்.

அதை உன்னால் தாங்க முடியவில்லை. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாய், அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாய். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டாய். இதைவிடப் பெரிய குற்றங்களுக்குத் தான் மன்னிப்புப் பெற்றவன் என்று சொல்லி, இயேசுவைப் பற்றி அவர் தன் பிரெஞ்சில் சொன்னார். நீ உன் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டாய். மாதக்கணக்காகக் கேட்டாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொன்னாய்.

நான் அப்போது கோயில் பரிபாலன சபையில் இருந்தேன். வேலை செய்யிற இடத்தில் யாரோ சொன்னதுக்காக அப்பன் பாட்டன் கும்பிட்ட சாமியை விடுவாயா என்று சத்தம் போட்டேன். நீ கோபப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. கோபப்படாத தயாளனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன்பிறகு நீ வாயை மூடவில்லை. கலியாணவீட்டில் சொன்னாய், முடிவெட்டும் கடையில் சொன்னாய், மெற்றோவில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத தமிழ்ப் பெடியனிடம் சொன்னாய். சொந்தக்காரர் உன்னைத் தூரத்தில் கண்டால் மற்றப் பக்கத்தால் போனார்கள். நம்புவதென்றால் வீட்டுக்குள் நம்பு, ஏன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாய் என்று ஒருமுறை நேரடியாகவே உன்னைக் கேட்டேன்.

“ஜோசேப் தன்ரை வீட்டுக்குள்ள மட்டும் நம்பிக்கொண்டு இருந்திருந்தால், நான் இப்ப எங்க இருந்திருப்பன் அண்ணை?” என்றாய்.

ஒன்றை இங்கே எழுதிவிடவேண்டும், சிலர் வேறுமாதிரிச் சொல்கிறார்கள். எங்கள் கோயிலைப் பற்றியோ எங்கள் கும்பிடு பற்றியோ நீ ஒரு கேவலமான வார்த்தை சொன்னதில்லை. உனக்குக் கிடைத்ததைச் சொன்னாய், அவ்வளவுதான்.

அம்மா கடைசிக் காலத்தில் உன்னுடன்தான் இருந்தார். குளிக்க வார்த்தது, சாப்பாடு தீத்தியது எல்லாம் நீயும் சுகந்தியும்தான். அம்மா கண்ணை மூடியதும் எல்லாருடைய பார்வையும் உன்மேல் விழுந்தது. எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகனும் அம்மாவுக்குக் கடைசி மகனும் கொள்ளி வைக்கவேண்டும்.

செத்தவீட்டுக்கு முதல்நாள் நீ என் வீட்டுக்கு வந்தாய். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே இருந்தார். நீ கதிரையில் இருக்கவுமில்லை. நின்றபடியே சொன்னாய்.

“அம்மாவுக்கு என்னால ஏலுமானது எல்லாம் செய்தனான். நாளைக்குப் பெட்டியையும் தூக்குவன். ஆனால் கிரியை செய்யேலாது அண்ணை. நம்பாததைச் சனத்துக்கு முன்னால நடிச்சுக் காட்டினால், அது அம்மாவையும் ஏமாத்துறது, ஆண்டவரையும் ஏமாத்துறது.”

பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்காதவன் இனித் தன் கண்ணில் முழிக்கக்கூடாது என்று மாமா கத்தினார். நீ எதிர்த்துக் கதைக்கவில்லை, சொன்னதை மாற்றவும் இல்லை. அடுத்தநாள் நான்தான் கிரியை செய்தேன். விரலில் தர்ப்பையோடு நான் ஐயருக்குப் பக்கத்தில் இருந்த நேரமெல்லாம் நீ பெட்டியின் தலைமாட்டில் நின்றாய். முறைத்துப் பார்த்தவர்கள் நடுவில், எல்லாம் முடியும்வரை நின்றாய்.

சனம் போனபிறகு, செத்தவீடு நடந்த மலர்ச்சாலை வாசலில் உன்னிடம் ஒன்று கேட்டேன். அம்மாவிடமும் உன் இயேசுவைப் பற்றிச் சொன்னாயா, அம்மா நம்பினாரா என்று.

“சொன்னனான் அண்ணை. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. மிச்சம் எனக்குத் தெரியாது.”

நம்பினார் என்று நீ சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல அம்மா இல்லை. உன் பக்கத்துக்கு அது எவ்வளவு பலமாக இருந்திருக்கும்? நீ அப்படிச் சொல்லவில்லை. இவன் சொல்வதை நம்பலாம் என்ற எண்ணம் என் மனதில் விழுந்தது அங்கேதான். ஆனாலும் அந்த நாளோடு சொந்தத்தில் பாதிப்பேர் உன்னோடு கதைப்பதை விட்டார்கள். மாமா உன் பெயரையே எடுப்பதில்லை.

பிறகு உனக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். பிந்திவிட்டது என்றும் சொன்னார்கள். நான் வேலை முடிந்து மெற்றோ எடுத்து உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவேன். அங்கேயும் நீ சும்மா கிடக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் இருந்தார். சின்ன வயதில் பட்ட அனுபவங்களால் தேவாலயம் என்றாலே அவருக்கு வெறுப்பு. நீ தொடங்கியதுமே வாயை மூடச் சொன்னார். நீயும் மூடிக்கொண்டாய். பிறகு அவராகவே உன்னிடம் கேட்டார், சாகப்போகிறோம் என்று தெரிந்தும் உன்னால் எப்படி நித்திரை கொள்ள முடிகிறது என்று.

நானும் அதைத்தான் கேட்டேன். நோவுக்குப் பயம் என்றாய். சுகந்தியையும் மீராவையும் நினைத்து அழுதாய். அதற்கு அப்பால் பயமில்லை, எங்கே போகிறேன் என்று தெரியும் என்றாய்.

ஒரு பின்னேரம், உன் செத்தவீட்டில் நான் எழும்பி நீ நம்பியது என்னவென்று சொல்லவேண்டும் என்று கேட்டாய். போதகர் கதைத்தால் சொந்தக்காரர் வெளியே போய் நிற்பார்கள், நான் கதைத்தால் இருந்து கேட்பார்கள் என்றாய். எனக்கே நம்பிக்கை இல்லையே என்றேன்.

“நீங்கள் நம்பவேணும் எண்டு நான் கேக்கேல்லை. நான் நம்பினதைப் பிழையில்லாமல் சொன்னால் காணும்.”

சாகக்கிடக்கிற தம்பிக்கு எப்படி மாட்டேன் என்பது? ஓம் என்றேன். நீ அதோடு விடவில்லை, சொல்லிக் காட்டச் சொன்னாய். தயாளன் நல்லவன், தாயைக் கடைசிவரை பார்த்தவன், அதனால் கடவுள் அவனை ஏற்றுக்கொண்டார் என்று தொடங்கினேன். நீ தலையணையில் கிடந்தபடியே தலையை ஆட்டி மறித்தாய்.

“அதில்லை அண்ணை. என்னை நல்லவன் எண்டு சொல்லாதேங்கோ. நல்லவனுக்கு அவர் ஏன் சாகவேணும்? என்ரை பாவத்துக்கு நான் அனுபவிக்கவேண்டியதை அவர் சிலுவையில அனுபவிச்சவர். உயிரோட எழும்பினவர். நான் அவரை நம்பினனான், அவ்வளவுதான். அதைச் சொல்லுங்கோ.”

அதன்பிறகு நான் வந்த நாளெல்லாம் இதே வேலைதான். நான் சொல்வேன், நீ திருத்துவாய். நான் ‘முயற்சி’ என்று சொன்ன இடத்தில் ‘கிருபை’ என்று போடவைத்தாய். எனக்கு வந்த சந்தேகங்களையும் கேட்டேன். ஜோசேப் அன்றைக்கு உன் கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் நீ இன்னும் கோயிலுக்குத்தான் வந்திருப்பாயா என்றேன். நீ சிரித்தாய். சிரித்தால் நோகும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொன்னாய். நீ ஆயத்தப்படுத்தியது என் பேச்சை மட்டுந்தானா? எல்லாம் தெரிந்துதான் செய்தாயா தம்பி?

உன் செத்தவீட்டுக்குச் சனம் வந்தது. ஒவ்வொருவருக்கும் நானே போன் எடுத்துச் சொன்னேன். மாமாவை அவருடைய மகன் புவாண்ட்-கிளேரிலிருந்து காரில் கூட்டிவந்தான். முன்வரிசையில் இருக்கச் சொல்லியும் கேட்காமல் பின்னுக்குப் போய் இருந்தார். பாட்டும் ஜெபமும் முடிய நான் எழும்பினேன். கோயில் சபைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொதியெண்ணெய்க் கதையிலிருந்து தொடங்கினேன். தமிழ் விளங்காமல் இருந்த ஜோசேப் தன் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். தன்னை நல்லவன் என்று சொல்லவேண்டாம் எனத் தம்பி கேட்டுக்கொண்டான் என்றேன். பிறகு நீ சொல்லித்தந்த இடத்துக்கு வந்தேன். ‘அவன்ரை பாவத்துக்காக யேசு செத்தார்’ என்றுதான் உன் கட்டிலடியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியிருந்தேன். வாயில் வந்தது வேறு.

“எங்கட பாவத்துக்காக யேசு செத்தார்” என்று சொன்னேன்.

நாக்குத் தவறிவிட்டது என்று திருத்த வாயெடுத்தேன். திருத்த மனம் வரவில்லை. நான் நம்பத் தொடங்கிக் கொஞ்சக் காலம் ஆகிவிட்டது என்பது அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது. உனக்குச் சாகப் பயமில்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்து, மிச்சத்தையும் ‘எங்கட’ என்றே சொல்லி முடித்தேன். ஒளியும் தெரியவில்லை, சத்தமும் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

வெளியே மாமா என் கையைப் பிடித்து நிறுத்தி, நீயும் மாறிவிட்டாயா என்று கேட்டார். ஓம் மாமா என்றேன். கையை விட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

நீ உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாய்? எனக்கே அப்போது தெரியாதே, என்ன செய்ய?

மிச்சத்தையும் சொல்கிறேன். கோயில் சபையிலிருந்து விலகினேன். தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். கவலைப்பட்டார், ஆனாலும் தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார். உன் அண்ணி முதலில் அழுதாள். அவள் இப்போதும் சாமியறையில் விளக்கேற்றுகிறாள், ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சேட்டும் சுருக்கமில்லாமல் மினுக்கித் தருகிறாள். சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் வேண்டாம் என்பது மட்டுந்தான் அவளுடைய நிபந்தனை. சரி என்றேன். அவள் கேட்கும் நாளில் சொல்வேன். உன் கிறிஸ்தவச் சபைக்குச் சுகந்தியோடும் மீராவோடும் போகிறேன். போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தேன். நான் தண்ணீரிலிருந்து ஏறி வரும்வரை ஜோசேப் துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன கிழமை மாமா போன் எடுத்தார். இதயத்தில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் முடிந்தபிறகும் அவர் போனை வைக்கவில்லை.

“அண்டைக்கு நீ எல்லாருக்கும் முன்னால சொன்னனி, தயாளனுக்குச் சாகப் பயமில்லாமல் இருந்தது எண்டு. அது உண்மையோ, செத்தவீட்டுக்காகச் சொன்னதோ?”

உண்மை மாமா என்றேன். நேரில் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். சனிக்கிழமை வீட்டில்தான் நிற்பேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

உன் பெயரையே எடுக்காதவர் உன் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவர் நம்புவாரா, பாதியில் எழும்பிப் போவாரா, தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உனக்கும் ஒவ்வொரு முறையும் பயமாக இருந்ததா? உன்னைக் கேட்காமல் விட்டுவிட்டேனே.

சனிக்கிழமை காலையில் போவேன் தம்பி. கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். அவர் கேட்டால் இருந்து சொல்வேன். போகச் சொன்னால் எழும்பி வருவேன். என்ன சொன்னாலும், சத்திரசிகிச்சை நாளில் அவருடைய கட்டிலடியில் நான் நிற்பேன்.

பிறப்பால் மட்டுமல்ல, இப்போது விசுவாசத்தாலும்
உன்னுடைய அண்ணை